மீட்டர் கணக்கில் விற்ற துணி

தறியில் இருந்து பழகியவளுக்குத் துணியைக் கண்டால் நிறம் பிறகுதான் தெரியும். கண் முதலில் கரைக்குத்தான் போகும். கரை நேராக ஓடியிருக்கிறதா, எங்கேயாவது இழுபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அதன் பிறகு விரல் தானாகவே மறுபக்கத்தைத் தேடும். சூரிச்சில் ஒரு கண்காட்சியில் குன்டா ஷ்டோல்ஸ்ல் நெய்த தளபாடத் துணிகளின் துண்டுகளைப் பார்த்தபோது என் விரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. உள்ளங்கை அளவு துண்டுகள். குனிந்து வெகுநேரம் பார்த்தேன். பாவும் ஊடையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்த விதத்தைக் கண்டதும், ஆட்கள் இருந்து எழும்பி இருந்து எழும்பித் தேயப்போகிறது என்று தெரிந்தே ஒருவர் நெய்த துணி இது என்று பட்டது. அன்றைக்குத்தான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு புகைப்படத்தைப் போடுவார்கள். ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில், பௌஹவுஸ் கலைப்பள்ளியின் புதுக் கட்டடத்து மொட்டை மாடியில் 1926இல் எடுத்த படம். வால்டர் குரோப்பியஸ், கண்டின்ஸ்கி, பவுல் கிளே, மார்செல் ப்ரோயர் என்று 13 பேர் நிற்கிறார்கள். 12 பேர் ஆண்கள். ஒரேயொரு பெண் குன்டா. நல்ல படந்தான். ஆனால் அந்த மாடியோடு அவருடைய கதையை முடித்துவிடுகிறார்களே என்பது என் மனக்குறை. மாணவியாகவும் ஆசிரியையாகவும் சேர்த்து அந்தப் பள்ளியில் அவர் இருந்தது 12 ஆண்டுகள். அதற்குப் பிறகு சூரிச்சில், வந்தேறியாக, கைக்குழந்தையோடு வந்து, தறி போட்டுத் தொழில் நடத்தியது 36 ஆண்டுகள். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த 36 ஆண்டுகள்தான். நான் அவரைக் கண்டதில்லை. நான் இந்த ஊருக்கு அகதியாக வந்து சேர்ந்தபோது அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் தெரிந்த ஒருத்தியை நினைப்பதுபோலத்தான் அவரை நினைக்கிறேன்.

1897 மார்ச் 5ஆம் திகதி முனிக்கில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். அங்கேயே கைவினைக் கல்லூரியில் கண்ணாடி ஓவியமும் மட்பாண்டமும் படித்துக்கொண்டிருந்த பெண்ணை முதலாம் உலகப்போர் இழுத்துக்கொண்டு போனது. 1917இல் செஞ்சிலுவைச் சங்கத்துத் தாதியாகப் போர்முனைக்குப் பின்னே காயக்காரர்களைப் பார்த்தார். போர் முடிந்து திரும்பியபோது பழைய படிப்பு அவருக்கு ருசிக்கவில்லை. 1919இல் வைமர் நகரில் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸின் அறிக்கை கையில் கிடைத்ததும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆணும் பெண்ணும் சமம் என்றுதான் குரோப்பியஸ் தொடக்கத்தில் சொன்னார். பெண்கள் திரளாக வந்து சேர்ந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. மரப்பட்டறைக்கும் உலோகப்பட்டறைக்கும் போக நினைத்த பெண்களையெல்லாம் நெசவுக்குத் திருப்பிவிட்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு விதமாகக் கோபம் வரும். பெண்களை ஒதுக்கினார்களே என்பது ஒன்று. நெசவை ஒதுக்குப்புறம் என்று நினைத்தார்களே என்பது மற்றது. அந்த ஒதுக்குப்புறந்தான் பிற்பாடு பள்ளிக்குக் காசு கொண்டுவந்து கொடுத்த பட்டறைகளில் முதன்மையானதாக நின்றது.

சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் அங்கே பெரிய சிக்கல். கைவேலை தெரிந்த ஆசிரியை ஒருவர் தமது சொந்தத் தறிகளோடு வந்திருந்தார். ஆனால் எந்தப் பின்னலுக்கு எத்தனை மிதி கட்டுவது, எந்த நூலுக்கு என்ன சாயம் பிடிக்கும் என்பதையெல்லாம் பெண்கள் தாங்களாகவே முட்டி மோதித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1922இல் குன்டாவும் அவருடைய தோழி பெனிட்டா ஓட்டேயும் கிரேஃபெல்ட் நகரத்துக்குப் போய்ச் சாயம் போடும் முறையைப் படித்துக்கொண்டு வந்தார்கள். வந்து, கேட்பாரற்றுக் கிடந்த சாயப்பட்டறையைத் திறந்தார்கள். தான் படித்து முடிப்பதற்கு முன்பே மற்றவர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டவர் என்று அவரைச் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில், 1921இல், ப்ரோயரோடு சேர்ந்து அவர் ஒரு நாற்காலி செய்தார். ஆப்பிரிக்க நாற்காலி என்று அதற்குப் பெயர். மரவேலை ப்ரோயருடையது. குன்டா துணியைத் தனியாக நெய்து அதில் போர்த்தவில்லை. நாற்காலியின் சட்டத்தையே தறியாக்கி, அதில் நேராகப் பாவு கட்டி நெய்துவிட்டார். அது பிறகு காணாமற் போய்விட்டது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் மிச்சம் என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, 2004இல் அது வெளியே வந்தது. இப்போது பெர்லின் பௌஹவுஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 80 ஆண்டு மறைந்து கிடந்தும் அந்தச் சட்டத்தில் கட்டிய நெசவு விடவில்லை என்பதை நினைத்தால், நெய்த கைக்கு ஒரு கும்பிடு போடத்தான் தோன்றுகிறது.

1925இல் பள்ளி டெஸ்ஸாவுக்குப் பெயர்ந்தபோது பட்டறையின் தொழில்நுட்பப் பொறுப்பு அவருக்கு வந்தது. 1927இல் முழுத் தலைமையும் வந்தது. பௌஹவுஸில் அந்த இடத்துக்கு வந்த முதற் பெண் அவர். அதற்குப் பிறகு அவர் படிப்பித்த முறையைத்தான் நான் ஆசையோடு படித்தேன். படிப்பதற்கு ஒரு பட்டறை, விற்பனைக்கு நெய்வதற்கு ஒரு பட்டறை என்று பிரித்தார். பின்னல் கணக்கு, நூல்களின் குணம், சாயம், விலைக்கணக்கு எல்லாம் பாடத்தில் இருந்தன. நெசவுப் பெண்களுக்கு வடிவமும் நிறமும் சொல்லித்தரப் பவுல் கிளே வந்தார். ஆனால் கிளே சொன்னதை மிதியிலும் விழுதிலும் எப்படி இறக்குவது என்று காட்டியவர் குன்டா.

பட்டையும் கம்பளியையும் மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் விடவில்லை. செலோபேன் தாளையும் நூலாக எடுத்துப் பார்க்கச் சொன்னார். மெழுகேற்றிய பளபளப்பான பருத்தி நூல் ஒன்று உண்டு, இரும்பு நூல் என்பார்கள். அவருடைய மாணவி மார்கரெத்தா ரைக்ஹார்ட் அதை இன்னும் உறுதியாக்கி, எஃகுக் குழாய் நாற்காலிகளுக்கு இருக்கையாக நெய்தார். இன்னொரு மாணவி அன்னி ஆல்பர்ஸ் 1930இல் பட்டயத்துக்காக நெய்த திரைச்சீலையில் ஒரு பக்கம் ஒலியை விழுங்கும், மறுபக்கத்துச் செலோபேன் ஒளியைத் திருப்பி அனுப்பும். பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கப் பள்ளி மண்டபத்துக்காக நெய்தது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நூலைக் கையில் எடுத்து, அதுக்கு என்ன செய்ய வரும் என்று பார்க்கச் சொன்ன ஒரு ஆசிரியையிடமிருந்து வந்தது.

இதை எழுதும்போது எங்கள் ஊர் நெசவு நிலையம் கண்ணுக்குள் வருகிறது. யாழ்ப்பாணத்தில் அப்போது பல கிராமங்களில் அப்படி ஒரு நிலையம் இருந்தது. ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம், வரிசையாகத் தறிகள். துவாயும் சாரமும் கட்டில் விரிப்பும் நெய்வோம். காலையில் பாவுக்குக் கஞ்சி போடும் மணம், தார் சுற்றும் ராட்டையின் முனகல், நாடா ஓடும் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசும் பெட்டைகள். எங்கள் ரீச்சர் அதிகம் கதைக்கமாட்டார். பாவில் ஒரு இழை அறுந்தால் நாங்கள் பதறிக்கொண்டு அவரைக் கூப்பிடுவோம். வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். நாடாவை எங்கள் கையிலிருந்து ஒருநாளும் வாங்கமாட்டார். “கண்ணால தேடாத பிள்ளை, விரலால தேடு” என்பார். அச்சுக்குப் பின்னால் விரலை வைத்து இழை இழையாகத் தடவிப் போனால் ஓரிடத்தில் தொய்வு தட்டுப்படும். அங்கே முடிச்சுப் போட்டு விழுதுக்குள்ளால் எடுத்து விடுவோம். அதுவரை அவர் அசையாமல் நிற்பார். அந்த நிலையம் போரில் போய்விட்டது. கட்டடமும் இல்லை, தறிகளும் இல்லை. ரீச்சரும் இப்போது இல்லை. ஆனால் அறுந்த இழையைத் தேடும்போது பின்னால் ஒரு ஆள் பொறுமையாக நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே குன்டாவின் மாணவிகளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பௌஹவுஸுக்குக் கட்டடக்கலை படிக்க வந்திருந்தார் அரியே ஷாரோன். பாலஸ்தீனத்திலிருந்து வந்த யூதர். 1929இல் அவரைக் குன்டா மணந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் மகள் யாயேல் பிறந்தாள். வேற்றுநாட்டு ஆணை மணக்கிற பெண் தன் ஜெர்மன் குடியுரிமையை இழப்பாள் என்பது அங்கே அன்றைய சட்டம். தாய்நாட்டிலேயே, தான் தலைமை தாங்கும் பட்டறைக்குள்ளேயே, ஒரு கையெழுத்தோடு அவர் அந்நியராகிப் போனார். குழந்தை பிறந்த பிறகும் பட்டறையை விடவில்லை. ஆனால் காலம் கெட்டுக்கொண்டு வந்தது. பள்ளிக்குள்ளேயே சில மாணவர்களும் உடன் வேலை செய்தவர்களும் அவருக்கு எதிராகத் திரண்டார்கள். அவருடைய கதவில் ஸ்வஸ்திகாவை வரைந்து வைத்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் காலம் இருந்தது. 1931இல் அவர் விலகினார். விலகும் முன், பௌஹவுஸ் நெசவு எப்படி வளர்ந்தது என்று ஒரு கட்டுரை எழுதி பள்ளியின் சஞ்சிகையில் வெளியிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்து வருகிறவளுக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போவது ஒரு ஆசிரியையின் குணம்.

சூரிச் அவருக்குப் புதிய ஊரல்ல. 1924இலேயே, தன் பழைய ஆசிரியர் யோஹானஸ் இட்டனுக்காக, ஏரிக்கரையில் ஹெர்லிபெர்க்கில் ஒரு நெசவுப் பட்டறையை அமைத்துக் கொடுத்திருந்தார். இந்த முறை வந்தது பிழைப்புக்காக. கணவர் பாலஸ்தீனத்துக்குத் திரும்பியிருந்தார். பிற்காலத்தில் இஸ்ரேல் நாட்டின் முதல் தேசியத் திட்டத்தை வரைந்தவர் அந்த அரியே ஷாரோன்தான். குன்டாவின் கையில் இரண்டு வயது நிரம்பாத பிள்ளை. பௌஹவுஸில் படித்த கெர்ட்ரூட் ப்ரைஸ்வெர்க், ஹைன்ரிச் ஓட்டோ ஹூர்லிமான் என்ற இருவரோடு சேர்ந்து, மூவரின் முதலெழுத்துகளையும் பெயராக வைத்து ஒரு கைத்தறி நிறுவனம் தொடங்கினார். 1933இல் பணமில்லாமல் அது மூடிக்கொண்டது. ஹூர்லிமானோடு மறுபடியும் தொடங்கினார். 1936இல் மணமுறிவு. 1937இலிருந்து தனியாக, ஃப்ளோரா கைத்தறி என்ற பெயரில்.

கைத்தறியில் மீட்டர் கணக்கில் விற்றுப் பிழைப்பது எப்படிப்பட்டது என்று தறியை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் அகலத்தில் திரைச்சீலைத் துணி கேட்கிறார்கள் என்று வையுங்கள். சென்ரிமீட்டருக்குப் பத்து இழை போட்டாலும் 1,000 இழை. அத்தனையையும் பாவோட்டி, உருளையில் சுற்றி, ஒவ்வொன்றாக விழுதுக்குள் எடுத்து, பிறகு அச்சுக்குள் எடுத்து, முன்னால் கட்டி, இழுவிசை சரிபார்த்த பிறகுதான் முதல் நாடா ஓடும். மூன்று மீட்டர் நெய்தாலும் முப்பது மீட்டர் நெய்தாலும் இந்த வேலை ஒன்றுதான். வீட்டுக்காரர்கள் மூன்று மீட்டர்தான் கேட்பார்கள். பாவு போட்ட நாட்களுக்குக் கூலி கேட்டால் விலை கூடிப்போச்சு என்பார்கள். அதனால்தான் கட்டடக் கலைஞர்களிடமிருந்து வரும் பெரிய வேலைகளுக்காகக் காத்திருக்க வேண்டும். திரைப்பட அரங்கு ஒன்றுக்குத் திரைச்சீலை, வீடுகளுக்குத் தரைவிரிப்பு, தளபாடத் துணி, மேலங்கித் துணி என்று எதையும் அவர் தள்ளவில்லை. பக்கத்தில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தாள். எல்லைக்கு அப்பால் போர். நூல் கிடைப்பதே பாடாக இருந்த காலத்திலும் தறி ஓடியது.

அவரிடம் அப்போது இருந்த கடதாசிகள் கணவர் வழியாக வந்த பாலஸ்தீனக் குடியுரிமைக் கடதாசிகள். கணவர் விலகிய பிறகும் அவைதான். இந்த நாட்டில் வதிவிட அனுமதி அட்டையோடு வாழ்ந்தவர்களுக்கு அது என்ன வாழ்க்கை என்று விளங்கும். தபால்பெட்டியில் அரசாங்க உறையைக் கண்டால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும். நாங்கள் வந்த காலத்தில் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அந்த உறைக்காகக் காத்திருந்தோம். அவர் வந்தது வேறு காலம், வேறு காரணம். அவருக்குத் தெரிந்த மொழி, இங்கே கேட்கும் பேச்சு வேறாக இருந்தாலும். ஆனாலும் ஊரில் பெயர் பெற்ற ஆசிரியையாக இருந்துவிட்டு, புது ஊரில் யாரென்று தெரியாத பெண்ணாகக் கதவைத் தட்டுவது இருக்கிறதே, அதில் எங்களுக்கும் அவருக்கும் வித்தியாசம் குறைவு.

1942இல் வில்லி ஸ்டாட்லர் என்ற எழுத்தாளரை மணந்தார். அத்தோடுதான் சுவிஸ் குடியுரிமை வந்தது. நாட்டை இழந்ததும் ஒரு கல்யாணத்தால், நாடு கிடைத்ததும் ஒரு கல்யாணத்தால். அடுத்த ஆண்டு, 45 வயது கடந்த பிறகு, இரண்டாவது மகள் மோனிகா பிறந்தாள். தறி நின்றதாகத் தெரியவில்லை. சுவிஸில் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971 பெப்ரவரியில். அப்போது குன்டாவுக்கு 73 வயது.

1967இல் கைத்தறியை மூடினார். ஓய்ந்து இருக்கவில்லை. சுவரில் தொங்கும் சித்திர நெசவுக்கு முழுவதுமாகத் திரும்பினார். அந்த முறையில் ஊடை கரைக்குக் கரை ஓடாது. ஒரு நிறம் எங்கே முடிகிறதோ அங்கே அந்த நூல் திரும்பிவிடும். விரலால் கோத்து, சீப்பால் தட்டி இறக்க வேண்டும். பாவு முழுதாக மறைந்துபோகும். ஒருநாள் முழுக்க இருந்தாலும் ஒரு சாண் எழும்பாது. வாடிக்கையாளருக்காக ஓடி ஓடி நெய்த பிறகு, யாரும் அவசரப்படுத்தாத ஒரு வேலை. அந்தப் பிற்கால நெசவுகளை டெஸ்ஸாவ் காலத்தவற்றுக்குக் குறைந்தவை என்று சொல்லுவோர் உண்டு. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அந்தச் சண்டையை இங்கே போட வரவில்லை.

1983 ஏப்ரல் 22ஆம் திகதி, ஹெர்லிபெர்க் இருக்கும் அதே கரையில், கூஸ்நாக்டில் அவர் காலமானார். நாங்கள் ஊரைவிட்டு ஓடத் தொடங்கியது அந்த ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு.

அவருடைய பட்டறைப் பெண்கள் திக்குத்திக்காகப் போனார்கள். அன்னி அமெரிக்கா போய் அங்கே பெரும் பெயர் எடுத்தார். பெனிட்டா ஓட்டே பீலெஃபெல்டில், நோயாளரைப் பராமரிக்கும் ஒரு பெரிய நிலையத்தில் நெசவறையைப் பல ஆண்டு நடத்தினார். ரைக்ஹார்ட் எர்ஃபுர்ட் பக்கம் வீடு கட்டித் தறி போட்டார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஒட்டி பெர்கரை நினைத்தால்தான் தாங்கமுடிவதில்லை. காது மந்தமான பெண், துணியைத் தொட்டுணர்வதில் எல்லோரையும் மிஞ்சியவர். லண்டனுக்குத் தப்பிப் போயிருந்தார். நோயாளித் தாயைப் பார்க்க யூகோஸ்லாவியாவிலிருந்த ஊருக்குத் திரும்பினார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொன்றுவிட்டார்கள்.

மோனிகாவும் யாயேலும் தாயின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் நெசவு வரைவுகளையும் கட்டிக்காத்து, 2009இல் ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி இஸ்ரேலில் வாழ்ந்தவள், மற்றவள் சுவிஸில் பிறந்தவள். இருவருமாகச் சேர்ந்து தாயை மீட்டுக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று மூன்று மீட்டராக வெட்டிக் கொடுத்த அந்தத் துணிகளை யார் மீட்க முடியும்? சூரிச் வீடுகளின் சன்னல்களில் வெயில் பட்டு நரைத்து, நாற்காலிகளில் தேய்ந்து, பிள்ளைகள் சாப்பாடு சிந்தி, ஒருநாள் குப்பைக்குப் போயிருக்கும். முதலில் இதை நினைத்து வருத்தப்பட்டேன். இப்போது அப்படியில்லை. எங்கள் நிலையத்துத் துவாய்களும் அப்படித்தான் போயின, அப்படிப் போவதற்குத்தான் அவற்றை நெய்தோம்.

அவர் இருந்திருந்தால், தொடருந்தில் கூஸ்நாக்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருப்பேன். கிளேயைப் பற்றியோ கண்டின்ஸ்கியைப் பற்றியோ கேட்டிருக்கமாட்டேன். செலோபேன் தாள் நாடாவுக்குள் சுருளாமல் எப்படி ஓடியது என்று கேட்டிருப்பேன். பாவு போடும் நாளில் யாயேல் அழுதால் பாதி இழையில் எழும்பிப் போவாரா, முடித்துவிட்டுப் போவாரா, போனால் விட்ட இடத்தைத் திரும்பிவந்து எப்படிப் பிடிப்பார் என்று கேட்டிருப்பேன். துணியின் மறுபக்கத்தை ஒருமுறை தடவிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருப்பேன்.